நாணயத்திற்குச் சான்று கூறுவோர்

நம் சங்கத்தின் அன்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு சிறிய பொருளைக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளங்கை அளவினதான ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பேழை அது. நான்கு புறமும் ஒட்டி மூடப்பட்டிருந்தது. நடுவே ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த வெள்ளி ரூபாய் ஒன்று. மேலே வண்ணச் சீட்டு ஒன்று. சீட்டில் 1939 என்ற ஆண்டும், எம்.எஸ். 64 என்ற தரக்குறியும், நீண்டதோர் எண்ணும், ஆங்கிலத்தில் மிகப் பெரிய பெயரைத் தாங்கிய நிறுவனம் ஒன்றின் முத்திரையும் காணப்பட்டன. அந்நிறுவனத்தின் பெயரை நானும் கேட்டதில்லை. அவரும் அதற்குமுன் கேட்டதில்லை. அவருடைய பாட்டியார் தஞ்சை மாவட்டத்திலிருந்து வடபுலத்திற்குக் குடிபெயர்ந்தபோது துணியில் முடிந்து கொண்டுவந்த நாற்பது பழைய வெள்ளி ரூபாய்களை ஒரு வணிகரிடம் கொடுத்து, அவற்றிற்கு ஈடாக இந்த ஒரு ரூபாயைப் பெற்றிருந்தார். "நிபுணர்கள் சான்று கொடுத்திருக்கிறார்களே, அப்புறம் என்ன?" என்றார்.

அவருடைய வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது வரலாற்றில் நெடுந்தூரம் செல்ல நேர்ந்தது. நாணயம் தோன்றிய காலந்தொட்டே அதனைச் சோதித்துச் சான்று கூறுவோரும் இருந்து வந்துள்ளனர். அவர்கள் கூறும் சான்றுக்கு யார் சான்று என்னும் ஐயமும் உடன்பிறந்தே வந்துள்ளது. காசுக்கும் நேர்மைக்கும் நம் மொழி 'நாணயம்' என்னும் ஒரே சொல்லை வழங்குகிறது. இச்சொல்லை ஆண்ட நம் முன்னோர் இவ்வையத்தை நன்கு உணர்ந்திருந்தனர் போலும்.

சங்கப் புலவர் பெயர்களை நோக்குக. வடம வண்ணக்கன் தாமோதரனார், வடவண்ணக்கன் பேரிசாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் எனப் பலர் வருகின்றனர். வண்ணக்கன் என்பான் பொன்னையும் காசையும் நோட்டம் பார்ப்பவன். வடவண்ணக்கன் என்பதற்கு வடநாட்டிலிருந்து வந்த நாணயச் சோதகன் எனப் பொருள் கொள்வோர் உளர். அக்கருத்துச் சரியாயின், வடக்கிலிருந்து தெற்கே தொழில் நாடி வந்தவர்கள் தமிழில் பாடல் இயற்றும் அளவுக்குத் தமிழராயினர் என்பதாகும். தெற்கிலிருந்து வடக்கே வந்து வாழும் நமக்கு இது சுவையான செய்தியன்றோ? நிற்க. இங்கே நாம் கருத வேண்டியது, நோட்டம் பார்த்தவன் ஊரறிந்த மனிதன், பெயர் சொல்லி அழைக்கத்தக்கவன் என்பதே.

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. நாணயத்தைச் சோதிக்கும் அலுவலனை அந்நூல் ரூபதர்சகன் என்று அழைக்கிறது. சோதனைக் கட்டணம் நூற்றுக்கு எட்டில் ஒரு பங்கு என வரையறை செய்கிறது. அத்துடன் நில்லாமல், நல்ல காசைத் தீயதென்று தள்ளினாலும், தீய காசை நல்லதென்று ஏற்றாலும் அவ்வலுவலனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம் என்றும் விதிக்கிறது. கூலி பெறுபவன் பிழை செய்தால் அவ்விழப்பில் அவனுக்கும் பங்குண்டு என்பதே அவ்விதியின் உட்கிடை. என் கருத்தில், இப்பொருள் பற்றிப் பின்வந்த நூற்றாண்டுகள் கூறிய யாவற்றினும் இவ்வொரு விதியே சிறந்தது.

உரோமாபுரியிலும் இதுபோன்றதொரு வழக்கம் இருந்தது. அங்கே நாணயச் சோதகர் காசுகளை எண்ணிச் சோதித்துப் பையிலிட்டுக் கட்டி, எலும்பால் ஆன சிறு கோல் ஒன்றை அப்பையோடு பிணைப்பர். நான்கு பட்டைகளையுடைய அக்கோலில் ஒரு பக்கம் சோதித்த அடிமையின் பெயர், மறுபக்கம் அவனுடைய தலைவனின் பெயர், மூன்றாம் பக்கம் 'பார்வையிட்டான்' என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லும் நாளும், நான்காம் பக்கம் அவ்வாண்டின் ஆட்சித் தலைவர் பெயர் என இவ்வாறு பொறிக்கப்பட்டிருக்கும். கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்த இத்தகைய கோல்கள் பல கிடைத்துள்ளன. பை பிரிக்கப்படாமலே கைமாறியிருக்கலாம். ஆயினும் குற்றம் காணப்பட்டால் எவனைப் பிடிப்பது, அவனுடைய தலைவன் எவன், எந்நாளில் பார்த்தான் என்பன யாவும் கையிலேயே இருந்தன.

அவ்வுரோம நாட்டுப் பொற்காசுகள் நம் மண்ணுக்கும் வந்தன. 1898ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் கொண்ட புதையல் ஒன்று கிடைத்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின்மேல் உளியால் வெட்டிய கீறல் காணப்பட்டது. தேய்ந்து எடை குறைந்த காசுகள் மீண்டும் காசாகச் செல்லாதிருக்க இவ்வாறு வெட்டினர் என்பது அறிஞர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. அவ்விளக்கத்தை ஏற்போமாயின், மன்னன் தலை இருந்தால் மட்டும் போதாது, பொன்னின் எடை இருத்தல் வேண்டும் என நம்மவர் கொண்டிருந்தனர் என்க. சோழர் காலத்திலும் இக்கண்டிப்பு மறையவில்லை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு இராசராசன் அளித்த பொன், 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய கல்லால் நிறுக்கப்பட்டதாகக் கல்வெட்டுக் கூறுகிறது. எடைக்கல்லுக்கும் இறைவன் பெயரைச் சூட்டி வைத்தனர்!

இவ்வாறு கூறுவதால் பழைய நோட்டக்காரர் அனைவரும் உத்தமர் என்று கொள்ளற்க. வங்காளத்துச் சராப்புகளின் வரலாறு அதற்கு மறுதலை. முகலாயர் பெயரால் அடிக்கப்பட்ட சிக்கா ரூபாய், அடித்த ஆண்டில் முழு மதிப்புக்குச் செல்லும். அடுத்த ஆண்டில் ஒரு வட்டம் கழியும். அதன்பின் மேலும் கழியும். காசு தேய்ந்ததா இல்லையா என்பது கேள்வியன்று. காசின்மேல் பொறித்த ஆட்சியாண்டே கேள்வி. அவ்வாண்டைப் படித்துச் சொல்லும் வல்லமை சராப்பிடம் இருந்தது. உழவனிடம் இல்லை. அறியாமைக்கும் ஐயத்துக்கும் இடையே கிடந்த அவ்வெளியில் சராப்பு பெருஞ்செல்வம் ஈட்டினான். கும்பினியார் இதற்குக் கண்ட மாற்று வேடிக்கையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல், எந்த ஆண்டில் அடித்தாலும் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டையே எல்லாக் காசிலும் பொறித்தனர். ஆண்டு மாறாதாயின் வட்டம் பிடிக்க இடம் ஏது? மன்னர் மறைந்த பின்னும் காசில் அவருடைய 19ஆம் ஆண்டு நடந்துகொண்டேயிருந்தது. பின்னர் 1835ஆம் ஆண்டுச் சட்டம், 180 கிரெயின் எடையும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்ட ஒரே ரூபாயைக் கும்பினி ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் பொதுவாக்கிற்று. சராப்பின் நோட்டத் தொழில் அதன்பின் படிப்படியாக நலிந்தது.

நோட்டம் ஒழிந்தது என்று உலகம் எண்ணியிருந்த வேளையில் அது அமெரிக்காவில் வேறு வடிவில் மறுபிறவி எடுத்தது. ஆங்கே சேகரிப்போர் பழங்காசை உலோகத்துக்காக வாங்குவதில்லை. காசின் அருமைக்காகவும் அதன் தேயாத நிலைக்காகவும் வாங்குகின்றனர். உரைகல்லும் தராசும் இதற்கு உதவா. கண்ணும் பழக்கமுமே உரைகல். 1949ஆம் ஆண்டு வில்லியம் ஷெல்டன் என்னும் உளவியலாளர், அமெரிக்காவின் பழைய பெருஞ்செப்புக் காசுகளைப் பற்றிய தம் நூலில், 1 முதல் 70 வரை எண்ணிட்ட தர அளவுகோல் ஒன்றை வகுத்தார். இனம் காண மட்டுமே இயலும் அளவுக்குத் தேய்ந்த காசு 1. குறையே இல்லாதது 70. முன்னதைப் போல் எழுபது மடங்கு விலை பின்னதற்கு உண்டு என்பது அவருடைய கணக்கு. அவ்விலைக் கணக்கு விரைவில் பொய்த்தது. எண்கள் மட்டும் நிலைத்து, எல்லா வகைக் காசுகளுக்கும் பரவின. அன்பர் கொணர்ந்த சீட்டில் இருந்த 64, அந்தச் செப்புக் காசுகளின் வழிவந்த எண்ணே.

தரத்தை வகுத்த அப்பெரியாரின் தரம் யாது? ஷெல்டன் 1977இல் காலமானார். நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியல் கழகம் பேணிவந்த தொகுப்பிலிருந்து உயர்ந்த செப்புக் காசுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் தம்முடைய தாழ்ந்த காசுகளை அவர் வைத்துவிட்டார் என்பது பின்னர் வெளிப்பட்டது. பழைய ஒளிப்படங்களோடு ஒப்பிட்டு அக்களவு உறுதி செய்யப்பட்டது. காசுகளை மீட்க அக்கழகம் 1990களில் வழக்கு மன்றம் ஏற நேர்ந்தது. எந்தக் காசு உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று அவரைப்போல் அறிந்தவர் எவருமில்லை. அவ்வறிவே அவருக்குக் கருவியாயிற்று.

அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972இல் ஒரு சான்று நிலையத்தைத் தொடங்கியது. உண்மைக் காசா, போலியா என்பதை மட்டும் கூறுவது அதன் முதற்பணி. 1979 முதல் தரமும் கூறலாயிற்று. 1986இல் கலிபோர்னியாவில் பி.சி.ஜி.எஸ். என்னும் தனியார் நிறுவனமும், மறு ஆண்டில் என்.ஜி.சி.யும் பணி தொடங்கின. காசின் உரிமையாளர் இன்னார் எனத் தெரியாமலே பலர் தனித்தனியே பார்த்துத் தரம் கூறுவர். பின்னர்க் காசு பேழையில் அடைக்கப்படும். தரம் தவறெனத் தெரிந்தால் நிறுவனம் ஈடு செய்யும். இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் உயிர் இருக்கிறது. கௌடிலியரின் பன்னிரண்டு பணம் வேறு உருவில் இங்கே வந்து நிற்கிறது. எனினும் அவையும் குற்றத்துக்கு அப்பாற்பட்டன அல்ல. தம் தரமிடல் முறை முற்றிலும் புறநிலையானது, மாறாதது என்று விளம்பரம் செய்ததை மிகையெனக் கண்டு, 1990இல் அந்நாட்டுக் கூட்டரசு வாணிக ஆணையம் பி.சி.ஜி.எஸ். மீது நடவடிக்கை எடுத்தது. குற்றத்தை ஒப்பாமலேயே அந்நிறுவனம் தன் விளம்பரங்களைத் திருத்திக்கொள்ள இசைந்தது. பேழையை உடைத்துக் காசை மீண்டும் அனுப்பி, சென்றமுறையினும் உயர்ந்த எண் வருமா என்று சூதாடுவோரும் பெருகினர். 2003ஆம் ஆண்டு 'காயின் வேர்ல்டு' இதழ் ஒரே காசுகளைப் பல நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தது; அவற்றின் தீர்ப்புகள் ஒத்துவரவில்லை.

பெரியோர் நிலை இதுவாயின், பெயரறியாச் சிறு நிறுவனங்களின் நிலையைக் கூறவும் வேண்டுமோ? பேழை செய்யும் அச்சும் சீட்டு அடிக்கும் பொறியும் எவரும் விலைகொடுத்து வாங்கத்தக்கவை. காசை விற்பவனே பேழையையும் செய்து, ஒரு கழகத்தின் பெயரைச் சூட்டி, 60க்கு உரிய காசுக்கு 66 என்று எழுதிக்கொள்ளலாம். தரம் கூறியவர் யார், அவர் கூலி பெற்றது எவரிடம், பிழையெனில் ஈடு உண்டா என்னும் மூன்று கேள்விகளுக்கும் அச்சீட்டில் விடை இராது. 2008ஆம் ஆண்டளவில் புகழ்பெற்ற நிறுவனங்களின் பேழைகளே போலியாகச் செய்யப்பட்டுச் சந்தைக்கு வந்தன. போலிக் காசு போய்ப் போலிச் சான்று வந்தது.

நம் நாட்டில் இச்சிக்கலுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகும். தனியார் அதனை நாட்டுக்கு வெளியே அனுப்புதல் கூடாது. எனவே விக்டோரியா அரசியின் ரூபாயை அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் பார்ப்போம் என்று வீட்டிலிருந்தபடி ஒருவர் முடிவு செய்ய இயலாது. சட்டம் நல்லதே, நம் செல்வம் வெளியேறாமல் காப்பது. ஆனால் அது விட்டுவைக்கும் இடைவெளியில் எவரெவரோ நுழைகின்றனர். பழங்காசை இலட்சக்கணக்கில் வாங்குவோம் என்று ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டி ஏமாற்றுவோரைக் குறித்து அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. பெட்டியில் நாலு பழங்காசு வைத்திருக்கும் குடும்பங்களே இவர்களின் இலக்கு. நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்து, உசாவ உற்றார் அருகில் இல்லாதோர் எளிதில் சிக்குவர்.

இனி அன்பரின் ரூபாய்க்கு வருவோம். 1939ஆம் ஆண்டு ரூபாய் பம்பாய் நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. மக்கள் கைக்கு வந்தவை மிகச் சில. மறு ஆண்டே ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆதலால் பழைய தரத்து வெள்ளியில் அமைந்த கடைசி ரூபாய் என்னும் சிறப்பு அதற்கு உண்டு, விலையும் மிகுதி. 1938ஆம் ஆண்டு ரூபாயோ எளிதில் கிடைப்பது. கடைசி எண்ணாகிய 8இன் கீழ்வளையத்தைச் சிறிது சுரண்டிவிட்டால் 9 ஆகிவிடும். எடை சரியாக இருக்கும். உரைகல்லில் வெள்ளி சரியாக இருக்கும். ஒலியும் சரியாக இருக்கும். ஏனெனில் அது மெய்யான ரூபாயே. பொய் ஓர் எண்ணில் மட்டுமே.

பேழைக்கு வெளியிலிருந்து உருப்பெருக்கியால் பார்த்தபோது அந்த எண்ணின்மேல் ஒளி பட்டுத் தெறித்தது. ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. பேழையை உடைத்தால் சான்று போய்விடுமே என்று அன்பர் தயங்கினார். இரண்டு நாள் கழித்து அவரே சிறு இரம்பத்தோடு வந்தார். விளிம்பை அறுத்துக் காசை வெளியே எடுத்து, சாளரத்தருகே சாய்த்துப் பிடித்தோம். 9இன் வால் அருகே, சுற்றியுள்ள தளத்தின் வழவழப்பு இல்லாமல், நகத்தால் கீறினாற்போன்ற சொரசொரப்பு இருந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வணிகரின் கடை இருந்த இடத்தில் இப்போது வேறு கடை இருக்கிறது. சீட்டில் இருந்த நிறுவனத்துக்கு எழுதிய மடல் முகவரி இல்லையென்று திரும்பி வந்தது. பாட்டியாரின் துணி முடிப்பை மட்டும் வணிகர் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்திருந்தாராம். அந்த ரூபாயை இப்போது அதில்தான் முடிந்து வைத்திருக்கிறார்.