நுண்வளையத்தில் நிறப்பிரிகை: ஓர் அளவீட்டின் வரலாறு

சாரல் காலத்தில் குற்றால அருவியின் தூவானத்தில் வெயில் பட்டால் சிறு வானவில் தோன்றுவதுண்டு. நீருக்குள் ஊதா ஒளி சிவப்பைவிடச் சற்று மெதுவாகச் செல்வதால் நிறங்கள் பிரிகின்றன. இதுவே நிறப்பிரிகை. அதே நீர்த்துளிக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அதன் உட்பரப்பை ஒட்டிச் செல்லும் ஒளி வெளியேறாமல் சுற்றிவர முடியும். ஒரு சுற்றில் முழு எண்ணிக்கையிலான அலைகள் பொருந்தும் அதிர்வெண்கள் மட்டும் வலுப்பெறும். இவ்வாறு ஒளியைச் சுற்றவைக்கும் மிகச்சிறு கோளம், வட்டு, வளையம் ஆகியவை நுண்ஒத்ததிர்விகள் எனப்படுகின்றன.

இந்தக் கருத்து ஒலியிலிருந்து வந்தது. லண்டன் புனித பவுல் பேராலயக் குவிமாடத்தின் சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ப்பக்கத்தில் கேட்கும். ஒலி வளைந்த சுவரை ஒட்டியே செல்வதை விளக்கிய ரேலி பிரபு, 1910இல் அதற்கு அலைக் கணிதமும் தந்தார். திருவானைக்காவலில் பிறந்த ச. வெ. இராமன், 1921இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டுக்காக இங்கிலாந்து சென்றபோது, சதர்லாந்துடன் சேர்ந்து இதை நேரில் சோதித்தார். சுவரிலிருந்து விலகும்போது ஒலி சீராகக் குறையவில்லை. பட்டைபட்டையாகக் கூடியும் குறைந்தும் கேட்டது. பின்னர் பிஜாப்பூர் கோல் கும்பஸையும் ஆராய்ந்தார். அந்தப் பயணத்தில் அவர் கண்ட மத்தியதரைக் கடலின் நீலத்தையே எல்லோரும் பேசுகிறார்கள். இந்த ஆய்வு அதன் நிழலில் நின்றுவிட்டது.

1961இல் சிறு கால்சியம் புளோரைடு கோளத்தில் லேசர் ஒளி இதே முறையில் சுற்றியது. 2007இல் ஜெர்மனியின் கார்ச்சிங்கில், ஒரே லேசரிலிருந்து சம இடைவெளியுள்ள பல அதிர்வெண்களை, அதாவது அதிர்வெண் சீப்பை, நுண்ஒத்ததிர்வி உருவாக்கியது.

சிக்கல் இங்கேதான். சீப்பின் பற்கள் சம இடைவெளியில் இருக்கும்; வளையத்தின் ஒத்ததிர்வுகள் அப்படி இருப்பதில்லை. நிறப்பிரிகையால் அவற்றின் இடைவெளி சிறிது சிறிதாக மாறும். 100 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள சிலிக்கான் நைட்ரைடு வளையத்தில் அடுத்தடுத்த இடைவெளிகளின் வேறுபாடு ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ், அதாவது லட்சத்தில் ஒரு பங்கு.

இதை அளக்க, லேசரின் அதிர்வெண்ணை மெல்ல மாற்றிக்கொண்டே ஒளியை வளையத்தின் அருகே செலுத்துவர். ஒவ்வோர் ஒத்ததிர்விலும் வெளிவரும் ஒளி குறையும். ஆனால் லேசர் சீரான வேகத்தில் நகராது, அளவுகோல் வேண்டும். 2009இல் கிப்பன்பெர்க் குழுவினர், அதிர்வெண் துல்லியமாகத் தெரிந்த வேறொரு சீப்பையே அளவுகோலாக்கினர். லேசர் ஒவ்வொரு பல்லைக் கடக்கும்போதும் ஒரு குறி பதிவாகும்.

அதிர்வெண் கூடும்போது இடைவெளியும் கூடினால் அது முரண் நிறப்பிரிகை. ஒளித்துடிப்பு கலையாமல் சுற்றும் சொலிட்டான் நிலைக்குப் பொதுவாக இதுவே தேவை. அலைநடத்தியின் அகலமோ உயரமோ சற்று மாறினாலும் இந்த அளவு மாறிவிடும். அதனால் கணக்கீட்டை மட்டும் நம்பாமல், செய்துமுடித்த சில்லையும் அளந்து பார்க்கின்றனர்.