உலாவிப் புதுப்பிப்புகளும் தமிழ் நீட்சிகளும்: ஒரு வரலாறு

இணைய உலாவி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட மறுநாள், நெடுநாள் பழகிய நீட்சி ஒன்று வேலை செய்யாமல் போவது கணினி பயன்படுத்துவோர் பலரும் அறிந்த எரிச்சல். ஆங்கிலத்தில் மட்டும் புழங்குவோருக்கு இது பெரும்பாலும் ஒரு வசதிக் குறைவு. தமிழில் தட்டச்சு செய்யவும் பழைய தமிழ்ப் பக்கங்களைப் படிக்கவும் நீட்சிகளை நம்பியிருந்தவர்களுக்கோ எழுதுவதும் படிப்பதுமே நின்றுபோகும் நிலை. இணையத் தமிழின் வரலாற்றில் இத்தகைய முறிவு ஒருமுறை மட்டும் நேரவில்லை. அவை எவ்வாறு நேர்ந்தன, ஏன் நேர்ந்தன, தமிழ்ப் பயனர்கள் அவற்றை எப்படிக் கடந்து வந்தனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நீட்சி என்பது என்ன?

உலாவியை உருவாக்கும் நிறுவனம் எல்லோருக்கும் பொதுவான வசதிகளை மட்டுமே அதில் சேர்க்கும். சிலருக்கு மட்டும் தேவைப்படும் வசதியைப் பிறர் தனியே எழுதி உலாவியுடன் இணைக்கும் சிறு நிரலே நீட்சி ஆகும். விளம்பரங்களைத் தடுப்பது, பதிவிறக்கத்தை விரைவாக்குவது, வேற்று மொழியில் தட்டச்சு செய்வது ஆகியவற்றுக்கெல்லாம் நீட்சிகள் உண்டு. நீட்சி தனித்து இயங்காது. உலாவி திறந்துவிடும் வாயில்கள் வழியாகவே அது உள்ளே நுழைந்து வேலை செய்யும். அடுத்த பதிப்பில் அந்த வாயில் அடைக்கப்பட்டால், நீட்சியில் பிழை ஏதும் இல்லாவிட்டாலும் அது நின்றுவிடும்.

முதல் முறிவு: இயங்கு எழுத்துருக்கள்

நீட்சிகள் பரவுவதற்கு முன்பே தமிழ் வாசகர்கள் இதே இன்னலைச் சந்தித்தனர். 1990களில் தமிழ் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கப் பொதுவான குறியேற்றம் நடைமுறையில் இல்லை. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தபோதிலும், அதை ஆதரிக்கும் இயங்குதளங்கள் பரவலாகவில்லை. எனவே ஒவ்வொரு இதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் உரிய எண்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்துவதே அன்றைய முறை. அந்த எழுத்துரு வாசகரின் கணினியில் இல்லையென்றால், பக்கம் முழுதும் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகத் தெரியும்.

1997இல் வெளிவந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டர் 4, பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரூடாக் நுட்பத்தைக் கொண்டிருந்தது. பக்கத்துடன் எழுத்துருவும் சேர்ந்து இறங்கிவிடும் என்பதால் வாசகர் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. அதே ஆண்டு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4, இதே பணிக்கு மைக்ரோசாப்டின் வேறொரு கோப்பு வகையைப் பயன்படுத்தியது. ஒன்றின் எழுத்துருக் கோப்பு மற்றொன்றுக்குப் புரியாது. ஆகவே இரு உலாவிகளின் வாசகர்களும் வேண்டும் என்றால், தளம் நடத்துவோர் இரண்டு வகைக் கோப்புகளையும் வைத்திருக்க வேண்டியிருந்தது.

2000 நவம்பரில் நெட்ஸ்கேப் 6 வெளியானது. அது அடிப்படையிலிருந்து புதிதாக எழுதப்பட்ட உலாவி. அதில் ட்ரூடாக் ஆதரவு இல்லை. புதிய பதிப்புக்கு மாறியவருக்கு, முந்தைய நாள்வரை படித்துவந்த தமிழ்ப் பக்கம் மறுநாள் குப்பை எழுத்துகளாகத் தெரிந்தது. அவர் எழுத்துருவைத் தேடி இறக்கித் தானே நிறுவ வேண்டும். இல்லையேல் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மாற வேண்டும்.

தமிழ்விசையும் பத்மாவும்

2004 நவம்பர் 9 அன்று பயர்பாக்ஸ் 1.0 வெளியானது. நீட்சிகளை எவரும் எழுதி இணைக்கலாம் என்பது அதன் பெரும் சிறப்பு. இதைப் பயன்படுத்தி இந்திய மொழிகளுக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய நீட்சிகளுள் இரண்டு இங்கே குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, தமிழ்விசை. உலாவிக்குள்ளேயே தமிழ்99, ஒலிபெயர்ப்பு உள்ளிட்ட முறைகளில் தட்டச்சு செய்ய இது உதவியது. அக்காலத்தில் எ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்கள் இருந்தன. ஆனால் அலுவலகம், கல்லூரி, பிரவுசிங் சென்டர் போன்ற இடங்களில் உள்ள பொதுக் கணினிகளில் புதிய மென்பொருளை நிறுவ நிர்வாகி அனுமதி தேவைப்படும். நீட்சியை நிறுவ அது தேவையில்லை. சொந்தக் கணினி இல்லாதவர்களுக்கு இது பெரும் உதவி.

இரண்டாவது, பத்மா. தெலுங்கில் தொடங்கித் தமிழ், மலையாளம் முதலிய மொழிகளுக்கும் விரிந்த நீட்சி இது. தனிப்பட்ட குறியேற்றத்தில் உள்ள செய்தித்தளம் ஒன்றைத் திறந்தால், அதன் எழுத்துகளைப் பத்மா உடனுக்குடன் ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டும். நெட்ஸ்கேப் 6 கைவிட்டுச் சென்ற இடைவெளியை, அதே வழியில் வந்த பயர்பாக்ஸில், ஒரு நீட்சி இவ்வாறு நிரப்பியது.

ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு

தொடக்க காலப் பயர்பாக்ஸில், ஒவ்வொரு நீட்சியும் தான் எந்தப் பதிப்புவரை இயங்கும் என்பதை ஓர் எண்ணாக அறிவிக்க வேண்டும். உலாவியின் எண் அதைத் தாண்டினால் நீட்சி முடக்கப்படும். புதிய பதிப்பு எப்போதோ ஒருமுறை வந்தவரை இது பெரிய சிக்கல் ஆகவில்லை.

2011 மார்ச்சில் பயர்பாக்ஸ் 4 வந்தது. ஜூன் 21 அன்றே பயர்பாக்ஸ் 5 வந்துவிட்டது. குரோம் உலாவியுடன் போட்டியிட, ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு ஒரு பதிப்பு என்னும் முறைக்கு மொசில்லா மாறியது. பல நீட்சிகளுக்கு உண்மையில் எந்தக் கோளாறும் இல்லை. அறிவிக்கப்பட்ட எண் பழையது என்பதற்காகவே அவை முடங்கின. நிறுவனங்கள் எழுதிய நீட்சிகளில் எண்ணைத் திருத்த ஆள் இருந்தது. மாலை நேரத்தில் ஓய்வாக நீட்சி எழுதிய தன்னார்வலர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்க்க இயலுமா? 2012 ஜனவரியில் வந்த பயர்பாக்ஸ் 10 இக்குறையைப் பெருமளவு சரிசெய்தது. அதுமுதல் பெரும்பாலான நீட்சிகள், மாறாக அறியப்பட்டால் ஒழிய, புதிய பதிப்பிலும் இயங்கும் என்றே கொள்ளப்பட்டன.

பயர்பாக்ஸ் 57

மிகப் பெரிய முறிவு 2017 நவம்பர் 14 அன்று நேர்ந்தது. குவாண்டம் என அழைக்கப்பட்ட பயர்பாக்ஸ் 57, அதுவரை இருந்த பழைய கட்டமைப்பில் எழுதப்பட்ட நீட்சிகள் அனைத்தையும் ஒரே நாளில் நிறுத்தியது. குரோம் நீட்சிகளை ஒத்த 'வெப்எக்ஸ்டென்ஷன்ஸ்' என்னும் புதிய கட்டமைப்பில் எழுதப்பட்டவை மட்டுமே இனி இயங்கும்.

இம்மாற்றத்துக்குத் தக்க காரணங்கள் இருந்தன. பழைய நீட்சி உலாவியின் உட்பகுதி எதிலும் கைவைக்கலாம். தீய நோக்குள்ள நீட்சி பயனரின் கடவுச்சொல்வரை எட்ட முடியும். மேலும், உலாவியைப் பல செயலாக்கங்களாகப் பிரித்து விரைவாக்க முயன்றபோது பழைய நீட்சிகள் தடையாக நின்றன. மொசில்லா இதை 2015 ஆகஸ்டிலேயே அறிவித்தது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான 52இல் பழைய நீட்சிகள் 2018 செப்டம்பர்வரை இயங்கவும் வழி இருந்தது.

ஆயினும் இழப்பு பெரிது. புதிய கட்டமைப்புக்கு மாறுவது என்பது எண்ணைத் திருத்துவது அன்று. நிரலைப் புதிதாக எழுதுவது. நோஸ்கிரிப்ட் போன்ற புகழ்பெற்ற நீட்சி சில நாள்களில் மாறிவிட்டது. டவுன்தெம்ஆல் மீண்டும் வர 2019 ஆயிற்று. ஓரிருவர் மட்டும் எழுதி, அவர்களும் வேலை, குடும்பம் என்று வேறு பக்கம் சென்றுவிட்ட சிறு நீட்சிகளை எடுத்து எழுத ஆள் இல்லை. புதிதாக எழுதினாலும் பழைய வசதி முழுதும் கிட்டாது. எடுத்துக்காட்டாக, புதிய முறையில் ஒரு தட்டச்சு நீட்சி இணையப் பக்கத்தில் உள்ள பெட்டிகளில் இயங்கலாம். உலாவியின் முகவரிப் பட்டையிலோ அமைப்புப் பக்கங்களிலோ இயங்காது.

பெரம்பூர் காட்டும் ஓர் ஒப்புமை

இதே காலத்தில் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையிலும் ஒரு தலைமுறை முடிவுற்றது. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த இத்தொழிற்சாலை, தன் பெயராலேயே அறியப்பட்ட பழைய வகைப் பெட்டியின் தயாரிப்பை 2018 ஜனவரியில் நிறுத்தியது. ஜெர்மானிய வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டிகள் அதன் இடத்தைப் பிடித்தன. பழைய பெட்டிகள் திருகு இணைப்பும் பக்கத் தாங்கிகளும் கொண்டவை. எல்.எச்.பி. பெட்டிகள் நடு இணைப்பான் கொண்டவை. விபத்தின்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தடுப்பவை. இரண்டையும் ஒரே வண்டியில் வழக்கம்போல் கோக்க முடியாது. இங்கும் காரணம் பாதுகாப்பே.

ஆனால் தயாரிப்பு நின்ற மறுநாள் பழைய பெட்டிகள் ஓடாமல் போய்விடவில்லை. அவை தமக்குள் கோக்கப்பட்டு, ஆயுள் முடியும்வரை தொடர்ந்து ஓடின. பயணிகள் சேவையிலிருந்து நீக்கப்பட்டவற்றுள் பல, வாகனங்களை ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டிகளாக மாற்றப்பட்டன. பெட்டியும் ரயில்வேயினுடையது, இணைப்பானும் ரயில்வேயினுடையது. எனவே மாற்றத்தின் சுமையையும் ரயில்வேயே ஏற்றது. உலாவியில் நிலைமை வேறு. மாற்றத்தை முடிவு செய்வது ஒரு நிறுவனம். அதன் சுமையைச் சுமப்பது ஊதியம் பெறாத நீட்சி ஆசிரியரும் அவரை நம்பிய பயனரும். பயனர் எண்ணிக்கை குறைந்த மொழிகளில் இச்சுமை மேலும் கூடுகிறது.

பின்னர் நேர்ந்தவை

2019 மே 4, சனிக்கிழமை. உலகெங்கும் பயர்பாக்ஸ் நீட்சிகள் திடீரென முடங்கின. இம்முறை காரணம் புதுப்பிப்பு அன்று. நீட்சிகளின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்கும் சான்றிதழ் ஒன்று காலாவதியானதே ஆகும். அதைப் புதுப்பிக்க மொசில்லா தவறியிருந்தது. அவசரத் திருத்தமும் அதைத் தொடர்ந்து 66.0.4 பதிப்பும் வெளியிடப்பட்டன.

குரோமிலும் இதே கதை நடந்தது. 'மேனிஃபெஸ்ட் வி3' என்னும் புதிய விதிமுறைக்கு மாறாத நீட்சிகளைக் கூகுள் 2024 ஜூன் முதல் படிப்படியாக முடக்கத் தொடங்கி, 2025இல் முழுதும் நிறுத்தியது. விளம்பரத் தடுப்பான யுபிளாக் ஆரிஜின் குரோமில் இவ்வாறு நின்றது. அதன் ஆசிரியர் ரேமண்ட் ஹில், வசதிகள் குறைந்த 'லைட்' பதிப்பைத் தந்தார். பயர்பாக்ஸோ பழைய விதிமுறையையும் தொடர்ந்து ஆதரிக்கிறது.

தமிழ் தப்பிய வழி

இத்தனை முறிவுகளுக்குப் பின்னும் இன்று உலாவியில் தமிழ் எழுதவும் படிக்கவும் பெரும்பாலோருக்கு நீட்சி தேவைப்படுவதில்லை. நீட்சி செய்த பணிகள் அதைவிட உறுதியான இடங்களுக்கு நகர்ந்ததே காரணம்.

எழுத்து, ஒருங்குறிக்குச் சென்றது. விண்டோஸ் 2000 முதல் தமிழ் ஒருங்குறி ஆதரவு இயங்குதளத்திலேயே வந்தது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. விசைப்பலகையைப் பொறுத்தவரை, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ்99 தரப்படுத்தப்பட்டது. தரம் ஒன்று இருந்ததால், பின்னாளில் அதை இயங்குதளங்களிலேயே சேர்க்க முடிந்தது. விக்கிப்பீடியா தன் தளத்திலேயே தட்டச்சு வசதியைப் பொருத்தியது. எந்த உலாவியில் திறந்தாலும் அது கிடைக்கும்.

வாசிப்பில் நல்ல எடுத்துக்காட்டு மதுரைத் திட்டம். 1998இல் தொடங்கிய இத்திட்டம் நூல்களைத் திஸ்கி குறியேற்றத்தில் வெளியிட்டு, பின்னர் ஒருங்குறியிலும் தந்தது. அதனால் அந்நூல்களை இன்று கைப்பேசியிலும் படிக்கலாம். அவ்வாறு மாற்றப்படாத பழைய தளங்களின் நிலை வேறு. மாற்றித் தரும் நீட்சியும் இல்லை, எழுத்துருவும் கிடைப்பதில்லை என்றால், பக்கம் வழங்கியில் இருந்தும் வாசகருக்கு இல்லாததே.

மாணவர் கருத்துக்கு

புதுப்பிப்பை நிறுத்திவைப்பது தீர்வு ஆகாது. பழைய உலாவியின் பாதுகாப்புக் குறைகள் வெளிப்படையாகத் தெரிந்தவை. திருடருக்கு அவை திறந்த கதவு. அதற்கு மாறாகச் சில முன்னெச்சரிக்கைகள் கைகொடுக்கும். ஒரு நீட்சியை நிறுவும் முன் அது கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பார்க்கலாம். நீட்சிக்குள் சேர்த்த குறிப்புகளையும் அமைப்புகளையும் அவ்வப்போது கோப்பாக ஏற்றுமதி செய்து வைக்கலாம். எழுதுவது எதுவானாலும் ஒருங்குறியில் சேமிக்கலாம். பணிக்கு இன்றியமையாத நீட்சி என்றால், பயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் பயன்படுத்தி மாற்றத்துக்கு ஆயத்தமாகச் சில மாதங்கள் பெறலாம்.

நிரல் எழுதப் பழகும் மாணவருக்கு இன்னொன்றும் உண்டு. பழைய குறியேற்றங்களில் தேங்கிக் கிடக்கும் தமிழ்ப் பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றி நிலையாகச் சேமிக்கும் பணி இன்னும் முடியவில்லை. உலாவியில் காட்டும்போது மட்டும் மாற்றுவதை விட, மூல உரையையே மாற்றி வைப்பது நீடிக்கும். எழுதும் நிரலைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டால், ஆசிரியர் விலகிய பின்பும் பிறிதொருவர் எடுத்துத் தொடர முடியும்.