மயக்க மருந்துகளும் மூளைய-முண்ணாண் பாய்பொருளும்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ சிசேரியனுக்காக முள்ளந்தண்டில் ஊசி போடும்போது, ஊசியின் பின்முனையில் பளிங்குத் துளியொன்று திரண்டு நிற்கும். அதைக் கண்ட பிறகே வைத்தியர் மருந்தைச் செலுத்துவார். இலங்கைப் பாடநூல்கள் மூளைய-முண்ணாண் பாய்பொருள் என்று சொல்வது அதைத்தான். வளர்ந்தவருக்கு எந்நேரமும் இருப்பது ஏறத்தாழ 150 மில்லிலீற்றர். ஒரு நாளில் சுரப்பதோ சுமார் 500. மூளை அறைகளிலுள்ள கோரொயிட் பின்னலே பெரும்பகுதியைச் சுரக்கிறது. வந்த நீர் குருதிக்குள் மீள உறிஞ்சப்படுகிறது.

இந்தக் கணக்கை மயக்க மருந்துகள் மாற்றும். 1980களில் அமெரிக்க மயக்கவியலாளர் அலன் ஆர்ட்ரு நாய்களில் செய்த ஆய்வுகள் இதற்கு அடித்தளமிட்டன. என்ஃபுளூரேன் சுரப்பைப் பாதியளவு கூட்டியது. ஹலோதேன் குறைத்தாலும் உறிஞ்சலையும் தடுத்தது. ஐசோஃபுளூரேன் சுரப்பைத் தொடவில்லை, உறிஞ்சலை இலகுவாக்கியது. பின்னர் பூனைகளில் செவோஃபுளூரேன் சுரப்பைச் சுமார் 40 சதவீதம் குறைத்தது. புரொப்போஃபோல் சுரப்பு, உறிஞ்சல் இரண்டையும் பெரிதாக மாற்றுவதில்லை.

கெற்றமின் தனிக்கதை. சுரப்பு அப்படியே இருக்க, நீர் வெளியேறும் வழி இறுகுகிறது; அதனால் மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடலாம். தலையில் அடிபட்டவருக்கு அதைக் கொடுக்க நெடுங்காலம் அஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம். சுவாசத்தை இயந்திரம் பார்த்துக்கொண்டால் அந்த அச்சம் மிகையானது என்பதே இன்றைய கருத்து. மயக்க இயந்திரமே இல்லாத இடத்திலும் பயன்படும் மருந்து என்பதால், போர்க்களங்களில் அது பெருந்துணை.

உள்நாட்டுப் போரின் இறுதிக்கட்டத்தில், வன்னியில் 2009 மார்ச்சில் எந்த மருந்து நல்லதென்று தெரிவு செய்யும் நிலையே இருக்கவில்லை. மயக்க மருந்துகூட இல்லை என்று அங்கிருந்த அரச வைத்தியர்கள் சுகாதார அமைச்சுக்கு எழுதினார்கள். சத்திரசிகிச்சைப் பொருட்கள் அங்கு சிக்கியிருந்த மக்களுக்கு மறுக்கப்பட்டதை 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை பதிவுசெய்தது. அந்த மறுப்பை இக்கட்டுரைப் பொருளிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

இன்று ஏ-9 வீதியில் விபத்துக்குள்ளாகித் தலை காயப்பட்டவரைப் பொறுத்தவரை, பாய்பொருள் நிமிடத்துக்கு 0.35 மில்லிலீற்றர்தான் சுரக்கிறது. மூளைக் குருதியளவோ மூச்சு மந்தமாகிக் காபனீரொட்சைட்டு ஏறினால் நிமிடங்களில் பெருகி மண்டையோட்டு அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆகவே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பும் வழியில் முதலில் காக்கவேண்டியது மூச்சை. மருந்தால் சுரப்பு கூடுகிறதா குறைகிறதா என்பது, மணிக்கணக்கில் நீளும் மூளைச் சத்திரசிகிச்சையில்தான் கனம் பெறுகிறது.