சான்றிதழுக்கு வந்தவர்கள்

தளவானூர் குடைவரைக்குப் போறவங்க பெரும்பாலும் மகேந்திரவர்மனுக்காகத்தான் போறாங்க. செஞ்சி வட்டாரத்தில் 7-ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்த சிவன் கோயில். சத்ருமல்லன் என்கிற தன் பட்டப்பெயரையே மன்னன் அதற்கு வைத்தான்: சத்ருமல்லேஸ்வரம். எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது என்னவோ அப்பர்தான். அவர் கதையில் வரும் பல்லவ அரசன் திருவதிகையில் எழுப்பிய கோயில் குணபரவீச்சரம். குணபரன் என்பதும் மகேந்திரனின் பட்டம்தான். அதை வைத்தே ஆய்வாளர்கள் இருவரையும் சமகாலத்தவராக்குகிறார்கள். அரசன் கல்லில் பேர் வெட்டினான், அப்பர் உழவாரத்தால் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். தொண்டு என்றால் இன்னிக்கும் நம்ம மனசில் வருவது அந்த உழவாரம்தான்.

அந்த அளவுகோலால் காலேஜ் பசங்களை அளந்தால் எவனும் தேற மாட்டான். "சர்டிபிகேட்டுக்குத்தானே என்.எஸ்.எஸ்.ல சேருறாங்க?" என்று கேட்காத ஆளில்லை.

அரசாங்கத்துக்கே இந்தக் குழப்பம் இருந்தது. 1959-இல் அமைந்த சி.டி. தேஷ்முக் குழு, பள்ளி முடித்தவர்களுக்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை தேசியச் சேவையைக் கட்டாயமாக்கச் சொன்னது. செலவை நினைத்தே அதைக் கைவிட்டார்கள். பிறகு பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கே.ஜி. சையதைன், விருப்பப்பட்டவர்கள் வந்தால் போதும் என்றார். 1969 செப்டம்பர் 24-இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. விருப்பம்தான், ஆனா கணக்கும் உண்டு: இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஒரு சிறப்பு முகாம், அப்புறம் சான்றிதழ்.

நான் சேர்ந்ததுக்குக் காரணம் என்.சி.சி. பரேடுக்கு விடியற்காலையில் எழுந்திருக்க முடியாதது. கூட வந்தவனுக்கு நண்பர்கள் போறாங்க என்பது. சில மாணவிகளுக்கு, வீட்டை விட்டு ஏழு ராத்திரி வெளியே தங்க அப்பா சம்மதிச்ச முதல் காரணமே அந்த முகாம்தான். இதெல்லாம் மட்டமான காரணம்னு எனக்குத் தோணல.

முகாமில் முதல் மூணு நாள் பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிச்சோம். போன வருஷத்து செட்டும் அதே சுவருக்குத்தான் அடிச்சதாம்! பாதிப்பேர் மதியமே காணாமல் போனார்கள். நாலாம் நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தூர்ந்த வாய்க்காலைக் காட்டினார். அன்னிக்கு யாரும் நழுவல. சாயங்காலம் அவர் கேட்டார்: "நாளைக்கும் வருவீங்களாப்பா?" மறுநாள் வருகைப் பதிவேடு வருவதற்கு முன்னாடியே மம்பட்டி கையில் இருந்தது.