நிறுவும் உரிமை இல்லாதவரின் தமிழ்: உமர்தம்பியும் வளைகுடாக் கணினிகளும்

தமிழ்க் கணிமையின் வரலாறு பெரும்பாலும் குறியேற்றங்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு, அதையொட்டி வந்த டாம், டாப் தரங்கள், தமிழ்99 விசைப்பலகை, 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது என அது நகரும். இவற்றுக்கும் எழுதுகிறவருக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது: மென்பொருளைக் கணினியில் நிறுவும் வேலை. அதைச் சில்லறை விவரம் என்று ஆய்வாளர்கள் ஒதுக்கிவிடுகிறோம். பலருக்குத் தமிழ் அந்தப் படியிலேயே நின்றுபோனது என்பதே என் வாதம். வளைகுடாவில் இது பளிச்சென்று தெரியும். ஏனென்றால் அங்கே தமிழர் பலர் உட்கார்ந்து தட்டிய கணினி அவர்களுடையதல்ல. பகலில் அலுவலகத்துடையது, வெள்ளிக்கிழமை மாலையில் இணைய மையத்துடையது.

2004 வாக்கில் ஷார்ஜா ரோலாவில் ஓர் இணைய மையத்தில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தங்கையின் கல்யாணப் பத்திரிகையைப் பிழைதிருத்த ஊர் அச்சகம் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தது. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். மணமகள் பெயரும் அப்படித்தான் தெரிந்தது. எழுத்துருவையும் அச்சகம் சேர்த்தே அனுப்பியிருந்தது. அதை ஃபாண்ட்ஸ் கோப்புறையில் போட முயன்றால் ‘அனுமதி இல்லை’ என்றது கணினி. அட்மின் கடவுச்சொல் மையத்தின் முதலாளியிடம். முதலாளி அன்று வரவில்லை. பத்திரிகையைத் திருத்த வந்தவர் தொலைபேசியில் ஊருக்குப் பேசி, ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சரிபார்த்தார். இவருக்குக் கணினி அறிவு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இல்லாதது உரிமை.

இந்தச் சிக்கலை உள்ளிருந்து அறிந்தவர் உமர்தம்பி. 1953இல் அதிராம்பட்டினத்தில் பிறந்து, அமீரகத்தில் பல ஆண்டுகள் வேலைபார்த்து, ஊர் திரும்பி, 2006 ஜூலையில் காலமானவர். அவர் உருவாக்கிய தேனீ ஒருங்குறி எழுத்துரு இயங்கு எழுத்துருவாகவும் வலைத்தளங்களில் பரவியது. இயங்கு எழுத்துரு என்பது பக்கத்தோடு தானே இறங்கி வரும் எழுத்துரு. படிக்கிறவர் எதையும் நிறுவ வேண்டாம்; யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இயங்கு எழுத்துரு அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. தமிழ் நாளிதழ்கள் முன்பே அதைக் கையாண்டன. ஆனால் தத்தம் சொந்தக் குறியேற்றத்தில். அந்த எழுத்துரு வழக்கொழிந்ததும் பக்கத்தில் மிஞ்சியது புரியாத குறிகள். தேனீ ஒருங்குறியின் மேல் நின்றது. எழுத்துரு போனாலும் எழுத்து போகாது. படிப்பவருக்கு இன்றைய எளிமை, எழுதப்பட்டதற்கு நாளைய ஆயுள் என்ற இரண்டையும் ஒரே முடிவில் அவர் சேர்த்துக் கட்டியதைத் தமிழ்க் கணிமையின் மிக நல்ல வடிவமைப்பு முடிவுகளில் ஒன்றாக மதிக்கிறேன்.

அந்த வழிக்கு எல்லையும் இருந்தது. அவர் கையாண்ட எழுத்துரு வடிவம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே வேலைசெய்தது. பொதுவான வலை எழுத்துரு வடிவமான வோஃப் 2012இல்தான் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையானது. மேலும் இயங்கு எழுத்துரு வாசகருக்கு உதவியதே தவிர எழுதுபவருக்கு அல்ல. தமிழில் தட்டச்ச உதவும் இ-கலப்பையோ என்எச்எம் ரைட்டரோ நிறுவப்பட்டால்தான் ஓடும். அதனால்தான் சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் எழுத்துருமாற்றி போல வலைப்பக்கத்துக்குள்ளேயே ஓடும் கருவிகளை இந்த வரலாற்றின் மையத்தில் வைக்க வேண்டும் என்கிறேன்.

வளைகுடாவுக்கே உரிய இன்னொரு கூறு அரபி. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய, மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் குறியிட வேண்டும். விண்டோஸ் குறுந்தகடு கையில் இருக்க வேண்டும். சென்னை வீடுகளில் அந்தக் குறுந்தகடு தேடியே பலர் அலுத்துப்போனார்கள். அதே பெட்டிதான் அரபிக்கும். அரபி தேவைப்பட்ட அலுவலகங்களில் அது ஏற்கெனவே குறியிடப்பட்டிருக்கும். துபாய் அலுவலக மேசையில், யாரும் தமிழுக்காக விரல் அசைக்காமலே, லதா எழுத்துருவில் தமிழ் கோணலில்லாமல் தெரிந்தது. அந்த மண்ணின் மொழி தனக்காகத் திறந்த கதவு அது. நிறுவலின் உச்ச எளிமை நிறுவத் தேவையே இல்லாமைதான். அதை வாங்கித்தருவது மொழியின் தொன்மையல்ல, அரசும் சந்தையும் அதைக் கேட்கும் குரல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பக்க வடிவமைப்பிலும் இதே கதை. இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற தெரிவைப் போடாவிட்டால் ஒருங்குறித் தமிழ் சிதறும். ‘கெ’ என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மென்பொருளின் மத்தியக் கிழக்குப் பதிப்பு அரபி போன்ற மொழிகளுக்காகவே அந்தத் தெரிவை வெளியே வைத்தது. மற்றப் பதிப்புகளில் அது பல காலம் மறைந்தே கிடந்தது. பாமினியை விட்டு அச்சகங்கள் வராததற்குப் பழமைப் பிடிப்பு காரணம் என்கிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. பாமினிக்கு எந்தத் தெரிவும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். கல்வியுலகம் நம்பும் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் குடும்பத்திலும் இதே நிலை: ஸீடெக் கணினியிலுள்ள எழுத்துருக்களை நேரடியாக எடுத்துக்கொண்டு தமிழை அழகாக அச்சுக்கோக்கும், ஆனால் டெக் லைவ் முழுத் தொகுப்பு பல கிகாபைட். ஓவர்லீஃப் தளத்தின் வழியே டெக் உலாவியில் ஓடத் தொடங்கியபின்தான் எங்கள் துறை மாணவர்கள் அதைத் தொட்டார்கள்.

நல்கை பெற்று உருவாகும் தமிழ் மென்பொருள்களை மதிப்பிடும் குழுக்களில் உட்காரும்போது எழுத்துகளின் வடிவம், விசைப்பலகை, சொற்திருத்தி எல்லாவற்றையும் பார்க்கிறோம். முதலில் ஒரு கணினியில் அட்மின் உரிமை இல்லாத கணக்கைத் திறந்து, கணினித் துறை சாராத ஒருவரை அதன் முன் உட்காரவைத்து, ஒரு கல்யாணப் பத்திரிகையை அடித்து அச்செடுக்கச் சொல்ல வேண்டும். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்து மதிப்பீட்டு அறிக்கையைத் தொடங்கலாம்.