பொன் நோட்டமும் குடவோலையும்

நாம் அறியாத ஒரு தொழிலில் வல்லவனை எங்ஙனம் தேர்வது? அவன் வன்மையை அளக்க நம்மிடம் கோல் இல்லை. சங்கங்களிற் கல்வி நிதிக்குப் பொறுப்பாளரை நியமிக்குங்கால், பேச்சு வன்மையையே தொழில் வன்மையென்று பெரும்பாலும் கொண்டுவிடுகின்றோம். இவ்விடர்ப்பாட்டை உத்தரமேரூர்ச் சபையார் ஆயிரத்து நூறு யாண்டுகட்கு முன்னரே எண்ணிப் பார்த்துள்ளனர்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இற் செய்த வாரிய ஏற்பாட்டை 921-இல் திருத்திக் கல்லில் வெட்டுவித்தனர். 30 குடும்புகளின் ஓலைகளையும் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவனை எடுக்கச் செய்தனர். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருத்தலாகாது என்பது கருத்துப் போலும்!

குடவோலை என்றவுடன் பலரும் இச்சீட்டெடுப்பையே வியப்பர். நாம் வியப்பது அதன்பின் நிகழ்ந்ததனை. வந்த முப்பதின்மருள், தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்பு செய்தாரையும், கல்வியிலும் வயதிலும் மூத்தாரையுமே ஆராய்ந்து, ஊர்க் காரியம் பலவற்றையும் மேற்பார்க்கும் சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவராகக் கொண்டனர். எஞ்சினாருள் பன்னிருவர் தோட்டத்திற்கும், அறுவர் ஏரிக்கும் சென்றனர். பொதுப்பணி வேண்டுவோன் முதலில் ஒரு துறையில் நின்று காட்டல் வேண்டும். மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தார் பெயர் குடத்திற் புகாது. அவன் காத்த கரை நின்றதா, உடைந்ததா என்று காண ஊரார்க்கு அஃது அவகாசமுமாயிற்று. கணக்குக் காட்டாது ஒழிந்தார் பெயரோ என்றும் புகாது. அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் அவ்வாறே.

நிலமும் வேதப் பயிற்சியும் உடையார்க்கன்றிப் பிறர்க்கு அக்குடத்தில் இடமில்லை. அவ்வளவில் அதனை நாம் போற்றுகின்றிலேம்.

ஆயினும் அதே சபையார், பொன்னின் மாற்றுக் காணும் பணியில் இவ்வெல்லையைக் கடந்தனர். பொன் நோட்டம் அறிந்தாரை மாடவீதியாரிடமிருந்து மட்டுமன்றிச் சேனையாரிடமிருந்தும், எண்ணெய் வாணிகரான சங்கரபாடியாரிடமிருந்தும் தெரிந்தெடுத்தனர். பொன்னை உரைக்கக் கொடுத்தவன் மாற்றை அறியான். நோட்டக்காரன் சொல்வதே அவனுக்குப் பிரமாணம். அவ்வறியாமையில் நோட்டக்காரன் ஆதாயம் பெறாதிருத்தற்கு ஒரு வழி வைத்தனர். உரைத்த பொற்றுகள் ஒட்டிய மெழுகை அவன் தன்பால் வைத்துக்கொள்ளலாகாது. ஏரி வாரியத்தார் கையில் ஒப்புவித்தல் வேண்டும்.