காஃபிலா புறப்பட்ட கடற்கழி

பயணக் கூட்டத்தை நாம் 'காஃபிலா' என்கிறோம். 'கஃபல', அதாவது 'திரும்பி வந்தான்' என்பதே இச்சொல்லின் வேர். இனிமேல்தான் புறப்படப்போகும் கூட்டத்திற்குத் 'திரும்பி வருவது' என்று பெயர் சூட்டியது ஏன்? போனவர் நலமே மீள வேண்டும் என்னும் நன்னிமித்தம் கருதியே என்று அரபு அகராதியாசிரியர் விளக்குவர். போர்க்காலத்தில் போர்க்கப்பல்களின் காவலோடு கூட்டமாய்ச் செல்லும் வணிகக் கப்பல்களையும் இன்றைய அரபி இப்பெயராலேயே அழைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அத்தகைய காஃபிலாக்கள் புறப்பட்ட ஒரு கடற்கழியின் வரலாற்றை இங்கே காண்போம்.

ஸ்காத்லாந்தின் வடமேற்குக் கரையில் உள்ளது லோக் யூ. 'லோக்' என்னும் கேலிக் மொழிச் சொல் ஏரியையும் குறிக்கும். நிலத்துக்குள் நீண்டு புகும் கடலையும் குறிக்கும். அதன் ஈற்றொலி, அடித்தொண்டையிலிருந்து எழும் 'ஃகா' என்னும் அரபு எழுத்தின் ஒலியை ஒத்தது. லோக் யூ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வடக்கு நோக்கித் திறந்த வாயும், நடுவே ஒரு தீவும், பெருங்கப்பல்கள் நங்கூரமிடத் தக்க ஆழமும் கொண்டது. மரீ என்னும் நன்னீர் ஏரியிலிருந்து வரும் சிற்றாறு, தென்கோடியில் பூல்யூ கிராமத்தருகே இதில் கலக்கிறது. கிழக்குக் கரையில் ஆல்ட்பே, மேற்குக் கரையில் கோவ் என்னும் சிற்றூர்கள். சிறு நிலங்களில் பயிரிட்டும் ஆடு மாடு வளர்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த மக்கள் அவ்வூரார்.

இவ்வளவு வடக்கே இருந்தும் இக்கரை கடுங்குளிரில் உறைவதில்லை. அத்லாந்திக் பெருங்கடலின் வெப்ப நீரோட்டம் இதனைத் தழுவிச் செல்வதே காரணம். 1862இல் ஆஸ்குட் மெக்கன்சி என்பார் இங்கே இன்வர்யூ தோட்டத்தை அமைக்கத் தொடங்கி, தென்னுலகின் செடிகளையும் வளர்த்துக் காட்டினார். அதே நீரோட்டத்தின் ஒரு கிளைதான் நார்வேயைச் சுற்றிச் சென்று, ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் துறைமுகத்தைக் குளிர்காலத்திலும் உறையாது காக்கிறது. தோட்டத்தை வளர்த்த நீரே போர்க்காலத்தில் இரு துறைகளையும் இணைக்கும் வழியாயிற்று.

ஆயினும் இக்கழிக்குப் போர் முதலில் தந்தது ஓர் எச்சரிக்கையே. 1939 அக்டோபர் 14இல், பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைத் தளமாகிய ஸ்காபா ஃப்ளோவுக்குள் ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று நுழைந்து 'ராயல் ஓக்' போர்க்கப்பலை மூழ்கடித்தது. பாதுகாப்பான புகலிடம் தேடிய கடற்படை லோக் யூவைப் பயன்படுத்தலாயிற்று. பகைவரும் அதனை உய்த்துணர்ந்தனர். அம்மாத இறுதியிலேயே மற்றொரு நீர்மூழ்கி வந்து கழியின் வாயிலில் காந்தக் கண்ணிகளை இட்டுச் சென்றது. டிசம்பர் 4 அன்று உள்ளே நுழைந்த 'நெல்சன்' என்னும் பெரும் போர்க்கப்பல் அவற்றுள் ஒன்றால் சேதமுற்றது. மாலுமிகள் பலர் காயமடைந்தனர். எஞ்சிய கண்ணிகளை அகற்றி வழி காணும் வரை, அதாவது 1940 ஜனவரி வரை, அக்கப்பல் வெளியேற இயலவில்லை. கண்ணி அகற்றும் பணியில் இரு சிறு கலங்களும் மூழ்கின. புகலிடம் என நம்பிய இடமே சிறையாகவும் மாறியது!

அதன்பின் வாயிலின் குறுக்கே வலைத்தடை இடப்பட்டது; கோவ் முனையில் பீரங்கிகள் நிறுத்தப்பட்டன; சொந்த ஊருக்குச் சென்று வரவும் மக்கள் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டியதாயிற்று. 1941 ஜூனில் ஹிட்லரின் படைகள் ரஷ்யாவைத் தாக்கிய பின், ஆயுதங்களும் உணவும் பிறவும் வடதுருவக் கடல் வழியே அனுப்பப்பட்டன. 1942 ஜூலையில், ஐஸ்லாந்திலிருந்து புறப்பட்ட ஒரு காஃபிலா மட்டுமே 24 கப்பல்களை இழந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அடுத்த காஃபிலா லோக் யூவிலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ 40 வணிகக் கப்பல்களுள் 13 கடலுக்கு இரையாயின. அது முதல் 1944 இறுதி வரை இக்கழியே அப்பயணங்களின் முதன்மையான தொடக்கத் துறையாய் இருந்தது.

அப்பயணத்தின் இடர் எளிதில் சொல்லி முடிவதன்று. கோடையில் இரவே இல்லை. ஆகவே பகைவரின் விமானங்களிலிருந்து ஒளிய இடமில்லை. குளிர்காலத்தில் இருள் மறைத்தது. ஆனால் பனிப்பாறைகள் தெற்கே பரவிக் கப்பல்களை ஜெர்மானியர் வசமிருந்த நார்வேக் கரைக்கு அருகே தள்ளின. தளத்தில் உறையும் பனியை வெட்டி எறியாவிடின் கப்பல் மேற்பாரம் மிகுந்து கவிழ்ந்துவிடும். 1942 டிசம்பர் 22இல் புறப்பட்ட 14 வணிகக் கப்பல்களை, அம்மாதத்தின் இறுதி நாளில் ஜெர்மானியப் பெருங்கப்பல்கள் தாக்கின. கேப்டன் ஷெர்புரூக்கின் தலைமையில் சிறு நாசகாரிக் கப்பல்களே எதிர்த்து நின்றன. காவற்கப்பல்கள் இரண்டு மூழ்கின. ஷெர்புரூக் ஒரு கண்ணை இழந்தார். வணிகக் கப்பல்கள் பதினான்கும் கரை சேர்ந்தன. மறு ஆண்டு டிசம்பர் 26இல், இங்கிருந்து சென்ற மற்றொரு காஃபிலாவைத் தாக்க வந்த 'ஷார்ன்ஹார்ஸ்ட்' மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்த ஏறத்தாழ இரண்டாயிரம் ஜெர்மானியருள் மீட்கப்பட்டோர் 36 பேரே. அவர்களும் தாய்மார் ஈன்ற மக்களே அன்றோ!

எனினும், இக்கழியின் வரலாற்றில் நம் நெஞ்சை மிகவும் வருத்துவது வடதுருவத்தில் நிகழ்ந்ததன்று. 1944 பிப்ரவரி 26இல், காஃபிலாவில் சேரும் பொருட்டு வந்துகொண்டிருந்த 'வில்லியம் எச். வெல்ச்' என்னும் அமெரிக்கக் கப்பல், பெரும்புயலில் வாயிலைத் தவறவிட்டுப் பாறைகளில் மோதிப் பிளந்தது. எந்தப் பகைவரும் அதனைத் தாக்கவில்லை. அடைக்கலம் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்க, அறுபதுக்கும் மேற்பட்டோர் குளிர்ந்த கடலில் மாண்டனர். பிழைத்தோர் 12 பேர் மட்டுமே. அவர்களைக் காத்தவர் அக்கரையின் எளிய மக்கள். சேற்றுநிலத்தைக் கால்நடையாய்க் கடந்து போர்வையும் தேநீரும் சுமந்து வந்து, எண்ணெய் படிந்து விறைத்துக் கிடந்தவர்களைத் தாங்கிச் சென்றார்கள். பீரங்கியாலும் வலைத்தடையாலும் ஆகாத காவலை அந்த ஏழைக் கரங்கள் செய்தன.

1941 முதல் 1945 வரை வடதுருவக் காஃபிலாக்கள் ஏறத்தாழ 40 இலட்சம் டன் சரக்குகளை ரஷ்யாவுக்குச் சுமந்தன. 85 வணிகக் கப்பல்களும் பிரிட்டிஷ் கடற்படையின் 16 போர்க்கப்பல்களும் திரும்பவில்லை. ஏறத்தாழ மூவாயிரம் பேர் உயிர் நீத்தனர். இவர்களுக்கெனத் தனிப் பதக்கத்தைப் பிரிட்டிஷ் அரசு வழங்கியது 2013ஆம் ஆண்டில்தான். அதற்குள் அதனைப் பெற வேண்டியவருள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். கோவ் முனையில் ஒரு நினைவுக் கல்லும், ஆல்ட்பேயில் ஓர் அருங்காட்சியகமும் இன்று அவர்களை நினைவூட்டுகின்றன.

'காஃபிலா' என்னும் சொல்லை மாணவருக்குக் கற்பிக்குங்கால், அதன் பொருளோடு அதிலுள்ள வேண்டுதலையும் நாம் எடுத்துரைப்பது வழக்கம். போனவர் யாவரும் திரும்புவதில்லை. திரும்பாதவரை மறவாதிருப்பதும், கரையில் ஒதுங்கியவரை எவரென்று கேளாமல் தாங்கிக்கொள்வதும், அவ்வேண்டுதலைச் செய்வோர்க்குரிய கடமைகளாம்.